தோசைக்கு ஆகாத ஸ்ப்ரே

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டே பேர் இருக்கும் வீட்டில், அந்த இரண்டில் ஒருவன் எண்ணெய் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, ஒரு பெட்டி நிறைய எண்ணெய் வாங்கியவன் நான். செக்கு எண்ணெய், பாக்கெட் எண்ணெய் என்றால்கூடப் பரவாயில்லை. உயரமான டப்பாவில் அடைத்து, தலையை அழுத்தினால் புஸ்ஸென்று பனி மாதிரி வருமே, அந்த எண்ணெய் ஸ்ப்ரே. ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். எனக்கோ, பெட்டியாக வாங்கினால் பாதி விலை என்று செல்போன் சொன்னது கண்ணை மறைத்துவிட்டது. உணவுப் பொருள் என்பதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதையும் அதே செல்போன்தான், வாங்கிய பிறகு, சிறிய எழுத்தில் சொன்னது.

அதற்கு முந்தைய வருடம் என் நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பேனா ஸ்பிரிங்கைப் போல ஒரு சின்னக் குழாய். அதிலிருந்து எல்லோரும் என்னை ஒழுகும் குழாயைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆபீசில் லிஃப்டுக்கு வழி விட்டார்கள். ரிங் ரோட்டில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்த் திரும்புவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது, மீதிப் பாதிக்குத்தான் ஸ்டென்ட் என்று நான் சொன்னால், மரியாதைக்குச் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிவாஜிநகர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்களைச் சிரிக்கவைப்பது இருதய சிகிச்சையைவிடக் கடினம்.

முதல் டப்பாவைத் திறந்த காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோசைக்கல் முன்னால் நின்று, கையை நீட்டி, ஹீரோ மாதிரி ஒரு புஸ் அடித்தேன்.

"என்னங்க இது, கொசு மருந்தாட்டம்?"

"எண்ணெதான். ஒரு புஸ்ஸுக்கு ஒரு கலோரிகூட இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"டப்பாவே சொல்லுது."

"நெருப்புக்கிட்ட அடிக்காதேன்னும் அதே டப்பாதான் சொல்லுது. அத படிச்சீங்களா?"

படிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அடித்து, மறுபடி பற்றவைத்து, தோசை வார்த்தோம். கல்லிலிருந்து தோசை சமர்த்தாகக் கிளம்பி வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் முறுகல் இல்லை, வாசனை இல்லை. ஈரத் துண்டை மடித்துத் தட்டில் வைத்த மாதிரி இருந்தது. அவள் ஒரு வாய் பிய்த்துத் தின்றாள். பிறகு நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். ஸ்பூன் முனையில் அரைச் சொட்டு எடுத்து என் தோசையின் ஓரத்தில் சுற்றினாள்.

"இந்த அரைச் சொட்டுல ஒண்ணும் போயிட மாட்டீங்க. அந்த டப்பா என் கிச்சனுக்குள்ள வரக் கூடாது."

பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாங்கிய பொருளுக்கு வேலை கொடுக்கவில்லை என்றால் வாங்கியவன் முட்டாள் என்று ஆகிவிடுகிறது அல்லவா? எனவே நான் அதற்கு வேலை தேடினேன். ஐடி கம்பெனிகள் நிறைந்த இந்தக் கன்னட ஊரில் வேலை தேடிக்கொடுப்பது ஒன்றும் புதிய தொழில் இல்லை.

எங்கள் வீடு காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் கீழ் போர்ஷன். மாடியில் வீட்டுக்கார ஆன்ட்டி. மரக் கதவுகள், மர ஜன்னல்கள், எல்லாம் அவர் மாமனார் காலத்தவை. எதைத் தொட்டாலும் கிறீச் என்று கத்தும். கதவு கத்தும், பீரோ கத்தும், பைக்கின் சைடு ஸ்டாண்டு கத்தும், மாடிப்படி ஏறினால் என் முட்டியும் கத்தும். நான் டப்பாவும் கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். முட்டியைத் தவிர எல்லாவற்றுக்கும் அடித்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியானது. ஜன்னல் சட்டத்தில் அடித்தேன், கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடியது. டிபன் பாக்ஸில் சாம்பார் ஊற்றும் முன் உள்ளே ஒரு புஸ் அடித்தால் மஞ்சள் கறை ஒட்டாது என்று கண்டுபிடித்தேன். ஷூவுக்கு அடித்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் முகம் பார்க்கலாம்போல மின்னியது. அதற்குப் பிறகு மெட்ரோ வேலை நடக்கிற தெருவின் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ள, ஆபீசுக்குள் பஜ்ஜி மாவில் தோய்த்த கால்களோடு நுழைந்தேன்.

உண்மையான வெற்றி ஒன்றே ஒன்று. பலாப்பழ சீசனில் தள்ளுவண்டியிலிருந்து கால் பழம் வாங்கிவந்து, கத்திக்கும் இரண்டு உள்ளங்கைக்கும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால் ஒரு துளிகூட ஒட்டவில்லை. சுளை சுளையாக எடுத்து அடுக்கினேன். மனைவி வந்து பார்த்து "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பொன்னாடை.

ஆனால் இது சமையல் எண்ணெய். சமையல் எண்ணெய் வெளியே கிடந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சில வாரங்களில் கீல்களில் எல்லாம் பிசுபிசுவென்று பசை ஏறியது. வீடு முழுக்கப் பழைய முறுக்கு டின்னைத் திறந்த வாசனை.

"கதவு இப்ப கத்தறதில்ல," என்றாள் மனைவி. "தெறக்கறதும் இல்ல."

மாடிப்படியில் ஆன்ட்டி வரிசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் செடிகளின் இலைகள் புழுதியாக இருக்கின்றனவே என்று, நல்ல எண்ணத்தில்தான், அவற்றுக்கும் ஒரு சுற்று அடித்திருந்தேன். ஒரு காலை மேலிருந்து குரல் வந்தது.

"ஏய் மேன், இங்க வா. என்ன பண்ணி வெச்சிருக்கே? ஃபுல்லா எறும்பு."

"ஷைனிங் வரட்டுமேன்னு ஆன்ட்டி..."

"ஷைனிங் வேணும்னா உன் மண்டைல அடிச்சுக்கோ. அங்கதான் ப்ளேஸ் இருக்கு."

ஆன்ட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. இடமும் இருந்தது.

இதையெல்லாம் எதற்குச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அந்த வருடம் முழுக்க நான் களைத்திருந்தேன். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. மாத்திரை, நடை, ரத்தப் பரிசோதனை, டிராஃபிக், மறுபடி மாத்திரை. என்னைச் சரிசெய்கிற வேலையை எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சரிசெய்ய எனக்கு ஒரு தாழ்ப்பாளாவது வேண்டியிருந்தது. அவளும் களைத்துத்தான் இருந்தாள். அவளுக்கு ஸ்ப்ரே அடிக்கக்கூட நேரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை மழையில் ஒரு சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. "விழுந்துட்டேன். கால ஊணவே முடியல."

நான் கேட்ட முதல் கேள்வியைக் கவனியுங்கள். "வீட்லயா?"

"இல்லீங்க. பஸ் ஸ்டாண்ட்ல. கல்லு பேந்து கெடந்துச்சி."

"அப்பாடா," என்றேன்.

வீட்டுத் தரையில் நான் தெளித்துவைத்த எண்ணெயில் வழுக்கவில்லை என்கிற நிம்மதி எனக்கு. பிறகு, "வந்து சேருங்க," என்று வைத்துவிட்டாள்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், வீக்கம் கொஞ்சம் இறங்கட்டும், இரண்டு நாள் கழித்துக் காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. இரண்டாம் விரலில் மெட்டி, வீங்கிய சதைக்குள் புதைந்து, ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.

"இது வராதுபோல இருக்கே. வீட்ல முயற்சி பண்ணுங்க. இல்லன்னா தியேட்டர்ல வெட்டி எடுத்துருவோம், ஒரு நிமிஷ வேலை," என்றார் நர்ஸ். கோலார் தங்கவயல்காரர். நல்ல தமிழ் பேசினார்.

என் மனைவி புடவையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். ஆட்டோவில் காலை என் மடியில் நீட்டி வைத்திருந்தாள். "ஸ்வல்ப மெல்லகே ஹோகி அண்ணா," என்று ஓட்டுநரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். ரோடே இல்லை, இதில் மெதுவாக எங்கே போவது என்று அவர் கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வெட்டறதா இருந்தா ஆபரேஷன் வேணாம்."

மறுநாள் காலையே தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். அதற்கு யாரோ எப்போதோ யோசித்து ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். மெட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தாள். நூல் சுற்றிப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. உருக்கி ஊற்றினால் விரலைத் தவிர எல்லா இடத்துக்கும் ஓடியது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கண்ணில் தண்ணீர் வந்தது. மெட்டி அசையவில்லை.

மத்தியானம் விஷயம் கேள்விப்பட்டு ஆன்ட்டி கீழே இறங்கிவந்தார்.

"கட் பண்ணிட்டா என்னம்மா? எனக்குகூட ஆபரேஷன் அப்போ ரிங்க கட்தான் பண்ணாங்க. ஒண்ணும் ஆகல. அதுக்கு முன்னாடியே ஹஸ்பெண்ட் போயிட்டார்."

ஆன்ட்டி ஆறுதல் சொல்லும் முறை அது.

அவர் போன பிறகு நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். "இங்க பாரு. என் உயிர ஏற்கெனவே ஒரு கம்பெனி ஸ்பிரிங் வெச்சு தாங்கிட்டிருக்கு. உன் மெட்டி வேற எதுக்கு ஓவர்டைம் பாக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கப்பா போனப்ப, பத்தாம் நாள் காரியத்தன்னைக்கு அம்மா கால்ல மெட்டி கழலல. நெறய வருஷம் போட்டது, புடிச்சிக்கிச்சி. எங்க தெருவுல கரன்ட் வேல செய்றவரு வீட்டுக்குப் போய் கட்டிங் பிளேயர் வாங்கியாந்தாங்க. நான்தான் அம்மா கால புடிச்சிக்கிட்டேன். டக்குனு ஒரு சத்தம். ரெண்டா விழுந்துச்சி."

திருமணமாகி இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை.

"உங்கள உள்ள தள்ளிட்டுப் போனாங்களே போன வருஷம். அப்ப வெளிய உக்காந்து என் கால் வெரலத்தான் பாத்துட்டிருந்தேன். வேற எதையும் பாக்க பயமா இருந்துச்சி. இப்ப ஒரு பிளேயர கொண்டாந்து என் கால்ல வெக்காதீங்க. அது கழலணும். வளையல் கழட்டற மாதிரி, திரும்பப் போட்டுக்கற மாதிரி கழலணும்."

"சரி," என்றேன். ஜோக் எதுவும் சேர்க்காமல் நான் பதில் சொன்னது அந்த வருடத்தில் அதுவே முதல் முறை.

காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்தேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி விரலைச் சுற்றி ஒத்தினேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ போன் செய்தார்கள், அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்கு மேல் விரல் கொஞ்சம் சுருங்கின மாதிரி எனக்குப் பட்டது. அவளுக்குப் படவில்லை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தேன்.

"அத எதுக்கு எடுக்கறீங்க?"

"கை நுழையாத எடத்துல இது நுழையும். ஜன்னல் சட்டத்துல பாத்தல்ல?"

"என் காலும் ஜன்னலும் ஒண்ணா?"

"பலாப்பழத்துக்கு 'ம்'னு சொன்னியே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சம்மதமா, சலிப்பா தெரியவில்லை. பிறகு மூடிய கண்ணோடே சொன்னாள். "நீங்களே கழட்டுங்க. போட்டது நீங்கதான?"

போட்டது நான்தான். அதிலும் ஒரு கதை இருக்கிறது. அம்மி மேல் அவள் காலைத் தூக்கி வைத்து மெட்டியைப் போடச் சொன்னபோது, எந்த விரல் என்று தெரியாமல் பெருவிரலில் மாட்டப் பார்த்தவன் நான். நுழையவில்லை என்று பலத்தைக் காட்டி அழுத்தினேன். மண்டபமே சிரித்தது. அவள் குனிந்த தலையோடு, உதடு அசையாமல், "அடுத்த வெரலு" என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இந்த முறை விரலை நானே சரியாகப் பிடித்தேன். மெட்டிக்கும் சதைக்கும் நடுவே டப்பாவின் மூக்கை வைத்து ஒரு புஸ். சில்லென்று பட்டதும் கால் துள்ளியது. இன்னொரு புஸ். மெட்டியை மெல்லத் திருகினேன். அசையாமல் கிடந்தது திரும்பியது. ஒரு நெல் அளவு நகர்ந்தது. "வலிக்குதா?" "பண்ணுங்க." மறுபடி புஸ், மறுபடி திருகல். விரல் கணுவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கே சதை வெளுத்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவள் என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள், விடச் சொல்லவில்லை. கடைசியாக ஒரு புஸ் தாராளமாக அடித்து, தோலைப் பின்னால் தள்ளிக்கொண்டு, திருகி இழுத்தேன்.

வந்துவிட்டது. வந்த வேகத்தில் எண்ணெய் விரல்களிலிருந்து வழுக்கி, தரையில் டிங்கென்று விழுந்து, உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அவள் தன் வெறும் விரலைப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் வெளிறிய ஒரு பள்ளம். "எடுங்க, எடுங்க, சீக்கிரம்," என்றாள்.

கரன்ட் போனால் தேட வைத்திருக்கும் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்தேன். உள்ளே ஒட்டடை, பழைய செருப்பு, என் ஸ்ப்ரே பெட்டி. பெட்டியை நகர்த்தக் கையை நீட்டினேன்.

"கெடச்சிச்சா?"

வாயில் டார்ச். "ம்ம்" என்று ஏதோ சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"ஏங்க?"

பெட்டிக்குப் பின்னால் பளபளவென்று தெரிந்தது. எட்டிப் பிடிக்கத் தலையைத் தூக்கினேன். கட்டில் சட்டத்தில் மண்டை மோதியது. தடாரென்று சத்தம். வலியில் அப்படியே நெற்றியைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டேன்.

"ஏங்க! ஏங்க, பேசுங்க! ஐயோ... ஏங்க!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கட்டில் குலுங்கியது. முறிந்த காலோடு இறங்கப் பார்க்கிறாள். நான் பதறிப் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து எழுந்தேன். தலையில் ஒட்டடை, வாயில் எரிகிற டார்ச், கையில் மெட்டி. அவள் முகத்தில் நேராக வெளிச்சம் அடித்தது. முகம் முழுக்க ஈரம்.

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்து அடித்தாள். பலமாகவே அடித்தாள்.

"இதுலயும் வெளையாட்டா?"

"சத்தியமா இல்லம்மா," என்றேன் டார்ச்சை எடுத்துவிட்டு. "வாயில டார்ச்சு."

அவள் நம்பினாளா தெரியவில்லை. ஜோக் அடித்தே பழகியவனுக்கு இது ஒரு சங்கடம், ஜோக் அடிக்காத சமயத்தை நிரூபிக்க வழியே கிடையாது. மேலே ஆன்ட்டி கைத்தடியால் தரையைத் தட்டினார். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, மெட்டி வந்துடுச்சி," என்று கத்தினேன். "பிரெய்ஸ் த லார்ட்," என்றது மாடி.

அடுத்த கால் மெட்டி சுலபமாக வந்தது. இரண்டையும் நானே கழுவித் துடைத்தேன். பீரோவில் வைக்கப் போனவனை அவள் தடுத்தாள். "சட்டப் பையில வெச்சிக்கங்க. வேற எங்கயும் வெக்காதீங்க." வைத்துக்கொண்டேன். ஸ்டென்டுக்குப் பக்கத்து வீடு.

மறுநாள் காலை கோலார் நர்ஸ் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, என்னைப் பார்த்தார். எண்ணெய் பஞ்சுவரை ஊறியிருந்தது.

"என்ன சார் இது, கால வறுத்தீங்களா?"

"எண்ணெ கம்மிதான் சிஸ்டர். ஸ்ப்ரே."

"ஆபரேஷன் பண்ற எடத்துல யாராச்சும் எண்ணெ விடுவாங்களா? வெளிய போய் உக்காருங்க."

திட்டிக்கொண்டே அவர் காலைச் சோப்புப் போட்டு முழுக்கக் கழுவித் துடைத்தார். தியேட்டர் கதவு மூடியது. நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே டிவியில் சத்தம் இல்லாமல் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் இப்படி ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது பார்ப்பதற்கு அவளுக்குக் கால் விரல் இருந்தது. நான் என் விரல்களைப் பார்த்தேன். பயப்படும்போது பார்த்துக்கொண்டிருக்க ஆண்களுக்கு யாரும் எதையும் மாட்டிவிடுவதில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "நெஞ்சு வலிக்குதா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மத்தியானம் கூப்பிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வார்டில் அவள் கண்ணைப் பாதி திறந்து படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. புதுக் கட்டுக்கு வெளியே விரல்கள் இன்னும் உப்பலாக, மருந்து பூசி மஞ்சளாக இருந்தன. நான் குனிந்து, பையிலிருந்து மெட்டிகளை எடுத்து உள்ளங்கையில் காட்டினேன். நேற்று முழுக்க அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்து நின்றது.

"பாரு, முழுசா ஒரு ராத்திரி உன் மெட்டி இல்லாம உயிரோட ஓட்டிட்டேன். பேட்டரி இறங்கறதுக்குள்ள இப்பவே போட்டு விட்டுடட்டுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மெட்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"வீக்கம் வடியட்டும்."